வெள்ளம் வந்தால் வாடகை வீட்டுக்காரர் கதி என்ன?

தெலுங்கில் செருவு என்றால் ஏரி. ஏரியைப் பெயரிலேயே வைத்திருக்கும் பட்டான்செருவில், சாகி செருவு இன்றும் இருக்கிறது. இந்த ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழர்கள் மழைக் காலத்துக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

2020-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி ஐதராபாத்தில் பேய் மழை கொட்டியது. நகரின் கிழக்கே கட்கேசர் பக்கம் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தரைத்தளத்தில் இருந்தவர்கள் பலர் உடுத்திய துணியோடு மாடி ஏறினார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ரூ.10 ஆயிரம், வீடு முழுவதும் இடிந்தால் ரூ.1 லட்சம், ஓரளவு சேதமானால் ரூ.50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. பெரிய தொகை இரண்டும் கட்டடத்துக்கு. வாடகைக்கு இருப்பவர் எதிர்பார்க்கக்கூடியது அந்த 10 ஆயிரம்தான். அதற்கும் மீ சேவா மையங்களில் நீண்ட வரிசை. நவம்பர் 18-ந் தேதி, மாநகராட்சித் தேர்தலை முன்னிட்டு அந்தப் பட்டுவாடாவையும் நிறுத்தும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

கட்டில், பீரோ, பிரிட்ஜ், டி.வி., தையல் மிஷின், அரிசி மூட்டை என்று கூட்டிப் பாருங்கள். இதற்கு மேல் புது வீட்டுக்கு அட்வான்ஸ், சாமான் ஏற்றும் வண்டிச் சத்தம். 10 ஆயிரம் எந்த மூலைக்கு?

"ஓனர் இன்ஷூர் செய்திருக்கிறார்" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர் செய்திருப்பது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் பீரோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாரத் கிருஹ ரக்ஷா

2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்த இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே பலருக்கு இது தெரியாது! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா போன்ற அரசுக் கம்பெனிகளிலும் இது கிடைக்கும். கட்டடத்தை விட்டுவிட்டு சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், வெடி விபத்து எல்லாம் அடங்கும். அந்தச் சம்பவம் நடந்த 7 நாட்களுக்குள் சாமான் திருடு போனாலும் உண்டு. பெட்டியில் வைத்த ரொக்கத்துக்கு ஒரு பைசா கிடையாது. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் மாற்று வீட்டு வாடகை. சேதத்தால் குடியிருக்க முடியாமல் வேறு வீட்டுக்குப் போனால், கூடுதலாகும் வாடகையை இந்தப் பாலிசி தருகிறது. பழைய வாடகை 6 ஆயிரம், புதியது 8,500 என்றால் வித்தியாசம் 2,500. பழுது பார்க்க ஆகும் நியாயமான காலம் வரை, அதிகபட்சம் 3 ஆண்டு. வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று கட்டடக் கலைஞரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ சான்று வாங்க வேண்டும்.

ஆனால் இந்த ஷரத்து கட்டடப் பகுதியின் கீழ் வருகிறது. சாமானுக்கு மட்டும் எடுப்பவர், தனக்கு இது உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஏஜெண்டின் வாய் வார்த்தை போதாது. அமெரிக்காவில் வாடகைதாரர் பாலிசியிலேயே லாட்ஜ் செலவும், வழக்கத்துக்கு மேல் ஆகும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்து வருவது சகஜம். இங்கே பேச்சு வாடகையோடு சரி.

அட்வான்ஸ்

வெள்ளத்தாலோ தீயாலோ வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகப் பாழானால், வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கக் கூடாது. இது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு. அட்வான்சைத் திருப்பிக் கேட்கும்போது இதைச் சொல்லலாம். ஆகவே வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள். சாமான் ரசீதுகளையும் அறையின் படங்களையும் செல்போனில் எடுத்து, ஊரில் உள்ள உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கலாம்.

கம்பெனி பணம் தர மறுத்தாலோ, எழுத்துமூலப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, ஐதராபாத்தில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.