புது வீட்டில் அடுப்படி



நம்மில் பலர் கடைக்கு மேலேயே குடியிருந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் சொந்த வீடு கட்டுகிறோம். வாசற்காலுக்கும் பூஜை அறைக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அடுப்படிக்குக் காட்டுவதில்லை. மிஞ்சிய இடம்தான் அதற்கு. இப்போது கிராமத்துப் பாணியில் அடுப்படி அமைக்கும் ஆசை பெருகி வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் செங்கல் நிறமும் மண்பானையும் வெறும் அலங்காரமாக நின்றுவிடக் கூடாது.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் காரைக்குடி இருக்கிறது. பர்மா, இலங்கை, மலேயா சென்று பொருள் ஈட்டிய நகரத்தார் அங்கே கட்டிய வீடுகள், ‘தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்’ என்ற பெயரில் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. அவ்வீடுகளில் அடுப்படி பின்கட்டில் இருக்கும். பக்கத்திலேயே திறந்த முற்றம், அம்மி, ஆட்டுக்கல், சாமான் வைக்கத் தனி அறை. புகை வெளியேறும், வற்றலும் வடகமும் காய வெயில் கிடைக்கும். அழகோடு சரக்குக் கெடாத வழியையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அடுப்படி என்பது வீட்டின் சிறு கிடங்கு. அந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா?

கட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. காற்று: எதிரெதிரே இரண்டு ஜன்னல் தேவை. மேலே சூடு வெளியேறத் திறப்பும் வேண்டும். விறகடுப்பு ஆசை இருந்தால் கொல்லைப்புறத்தில் வையுங்கள். விறகுப் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

2. சாமான் அறை: கிடங்கில் மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறோம், சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. வீட்டிலும் அதே விதிதான். தரை ஈரம் பருப்பில் ஏறக் கூடாது. பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால்.

3. மேடை: கடப்பாக்கல் சுண்ணாம்பு வகைக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் தடம் விழும். அலமாரித் தட்டுக்கு அது போதும். மேடைக்குக் கிரானைட் நல்லது.

4. தரை: ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். நடமாட நடமாட மெருகு ஏறும். ஆனால் எண்ணெய்க் கறை பிடிக்கும். ஆகவே அடுப்புக்கு நேர் கீழே தவிர்க்கலாம்.

5. பாண்டம்: மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணீர்ப் பானை, குழம்புச் சட்டி ஆகியவற்றை அங்கே வாங்கினால் நம் பக்கத்துக் குயவருக்குப் பிழைப்பு.

6. உயரம்: மேடையின் அளவை மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது. சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே அளவு எடுங்கள். நாள்தோறும் மணிக்கணக்கில் அங்கே நிற்பவர் அவர்தான். அவரிடம் கேட்காமல் கொத்தனாருக்கு வேலை சொல்லாதீர்கள்.

இதில் நம் தொழிலும் அடங்கியிருக்கிறது. சாமான் அறை உள்ள வீட்டார் மாதப் பட்டியல் எழுதி நம்மிடம் வருகிறார்கள். அது இல்லாத வீட்டார் அன்றாடம் சின்னப் பாக்கெட்டில் காலம் தள்ளுகிறார்கள். விலையும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். புது வீடு கட்டும் வாடிக்கையாளர் கடைக்கு வந்தால், பத்துக்கு எட்டடியில் ஓர் அறை ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் குடும்பத்துக்கும் நன்மை, நமக்கும் நன்மை.