தேய்ந்த டிராக்டர் எஞ்சின் இழந்த திறனை மீட்பது எப்படி?

பல ஆண்டுகள் நன்றாக உழைத்த டிராக்டர், கலப்பையை இழுக்கத் திணறத் தொடங்கியதும் உழவர்கள் பலர் இரண்டு வழிகளை நாடுகின்றனர். ஒன்று, டீசல் பம்பின் திருகைத் திருப்பி டீசலை அதிகமாக விடுவது. மற்றொன்று, சிலிண்டரைப் பெரிதாகப் போர் செய்து கூடுதல் குதிரைத்திறன் பெற முயல்வது. இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. எஞ்சின் இழந்த திறனை முறையாக மீட்டாலே அன்றாட உழவுக்கும் டிரெய்லர் ஓட்டத்திற்கும் போதுமானது. இது லாரி எஞ்சினுக்கும் பொருந்தும்.

திறன் குறைவது ஏன்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்துகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அந்தச் சூட்டில் புகையாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. ஆகவே நல்ல அழுத்தம், போதிய காற்று, சீரான டீசல் தெளிப்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் முழுத் திறன் கிடைக்கும். ரிங்கும் லைனரும் தேய்ந்தாலும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும் அழுத்தம் கசிந்துவிடும்.

பிரிப்பதற்கு முன் சோதனை

குறை எஞ்சினில்தானா என்பதை முதலில் அறிய வேண்டும். டயரில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளக்கவும். பின் அதே நிலத்தில் உழுதுகொண்டே 10 சுற்றுக்கான தூரத்தை அளக்கவும். முதலில் 40 மீட்டரும் அடுத்து 34 மீட்டரும் வந்தால் சக்கரச் சறுக்கல் 15 சதம். இதற்கு மேல் போனால் டயர், சக்கர எடை, கொழுவின் தேய்மானம் ஆகியவற்றைக் கவனித்தாலே குறை தீரக்கூடும்.

அடுத்து, புகையைக் கவனிக்கவும். கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. பிரீதர் குழாயிலிருந்து புகை வேகமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கும். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, நாசில்களைச் சோதித்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்த பிறகும் குறை நீடித்தால் மட்டுமே எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

திருகும் போரும்

ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறை முழுவதும் நிறைந்த காற்று இது. பம்புத் திருகைத் திருப்பினால் டீசல் கூடுமே தவிர, காற்று கூடாது. எரியாத டீசல் கரும்புகையாகப் போகும்; சூடு மிகுந்து பிஸ்டனும் வால்வும் கெடும்; எஞ்சின் ஆயிலும் கரிபிடிக்கும்.

போர் செய்வதன் பலனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாசி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினின் உள்விட்டம் 91.4 மி.மீ.; வீச்சு 127 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2,500 க.செ.மீ. இந்த அளவுள்ள சிலிண்டரை 0.5 மி.மீ. பெரிதாக்கினால் கொள்ளளவு 1.1 சதமே கூடும். அதாவது 35 குதிரைத்திறனில் அரைக் குதிரைத்திறன்கூடக் கூடாது. போர் செய்வது தேய்ந்த சுவரை மீண்டும் வட்டமாக்கத்தான்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

1. சிலிண்டர் மேற்பகுதியில்தான் அதிகம் தேயும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பார்க்கச் சொல்லவும். அளவு மிகுதியாகத் தேய்ந்த சிலிண்டரில் ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

2. புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். பொதுவாக 100 மி.மீ. விட்டத்திற்கு 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கும். கம்பெனிக் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

3. கிராங்க் ஷாஃப்ட்டை அளக்காமல் பேரிங் வாங்கக் கூடாது. கடைசல் பிடித்த ஷாஃப்ட்டுக்கு அதற்குரிய அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். ஆயில் துளைகளில் உலோகத் தூள் தங்காமல் கழுவுதல் மிக அவசியம்.

4. ஹெட்டில் வால்வுகளை அரைத்துப் பொருத்திய பின் போர்ட்டில் டீசல் ஊற்றிப் பார்க்கவும். கசிந்தால் மீண்டும் அரைக்க வேண்டும். ஹெட்டின் முகம் சமமாக உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

5. பழைய ஹெட் கேஸ்கெட்டை மீண்டும் போடக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டின் வரிசைப்படி டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும்.

6. பம்பையும் நாசில்களையும் சோதனை மேசையில் கம்பெனி அளவுக்குச் சரிசெய்து சீல் வைத்து வாங்கவும். டீசல் விழும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பழக்கி ஓட்டுதல்

சீரமைத்த எஞ்சினை முதல் 50 மணி நேரம் நடுத்தரச் சுமையில் ஓட்டவும். கரும்பு லோடும் ஆழ உழவும் அப்போது வேண்டாம். அதே சமயம் சுமையின்றி நெடுநேரம் ஓடவிடுவதும் தவறு. ரிங் சுவரோடு பதியாமல் ஆயில் குடிக்கும். பின் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மீண்டும் பார்க்கவும்.

எஞ்சினைத் தேய்ப்பது பெரும்பாலும் தூசியே. ஏர் கிளீனர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் புதிய ரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரில், புழுதி உழவு, கதிரடிப்பு நாட்களில் ஆயிலைத் தினமும் பார்ப்பது நல்லது. அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் முன் இவ்வேலையை மேற்கொண்டால், பட்டறையில் அவசரப்படாமல் அளந்து செய்ய முடியும், பருவமும் தவறாது.