பழைய டி.வி. கச்சேரி புது மானிட்டரில்!

பழைய கச்சேரி வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் பார்த்து, "இவ்வளவு மோசமாகவா எடுத்தார்கள்?" என்று நினைத்திருக்கிறீர்களா? பல சமயம் குறை படத்தில் இல்லை. நாம் அதை ஓடவிடும் விதத்தில்தான் இருக்கிறது.

என் மாமா எல்விஸ் பிரெஸ்லி ரசிகர். அமெரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஓடவிட்டேன். 1968-இல் என்.பி.சி. டி.வி.க்காக எடுத்த கச்சேரி அது. "என்னடா, எல்விஸ் குண்டாயிட்டான்! கையை ஆட்டினா சீப்புப் பல் மாதிரி கோடு கோடா வருது" என்றார் மாமா.

ஏழு ஆண்டுகள் மேடைக் கச்சேரி செய்யாதிருந்த எல்விஸ், அந்த ஜூன் மாதம் பர்பேங்க் ஸ்டுடியோவில் ரசிகர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, சின்னச் சதுர மேடையில் பாடினார். டிசம்பர் 3 அன்று அது ஒளிபரப்பானது. சிறிய டி.வி. திரையில் தெரிய வேண்டுமானால் முகம் பெரிதாக வரவேண்டும். அதனால் அவருடைய வியர்வையும் பதற்றமும் சிரிப்பும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோலத் தெரியும். இத்தகைய படங்களின் சுவையே இதுதான்.

அதைக் கெடுத்தவை இரண்டு. முதலாவது, 4:3 அளவுப் படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்தது. இரண்டாவது, இன்டர்லேஸ். அந்தக் கால அமெரிக்க டி.வி.யில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என நொடிக்குச் சுமார் 60 தடவை மாறி மாறி வரும். அதற்குள் கை நகர்ந்துவிடும். மானிட்டரில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால்தான் சீப்புப் பல்!

வி.எல்.சி. பிளேயரில் வீடியோ மெனுவைத் திறந்து டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்யுங்கள். அதன் கீழுள்ள டீஇன்டர்லேஸ் மோடில் யாடிஃப் (2x) தேர்ந்தெடுங்கள். அதே மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்குங்கள். இரு ஓரமும் கறுப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அதுதான் சரி.

ஓர் எச்சரிக்கை. டீஇன்டர்லேஸ் செய்யாமல் படத்தின் அளவைச் சுருக்கி சேமித்தால், கோடுகள் படத்தோடு கலந்துவிடும். பிறகு சரிசெய்வது மிகக் கடினம். நான் அப்படி ஒரு பிரதியைக் கெடுத்தேன். நல்லவேளை, ஒரிஜினல் ஃபைலை அழிக்கவில்லை. இன்று அந்தக் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாமாவுக்கு மிஞ்சியது அந்த ஃபைல்தான்.

சரிசெய்து மறுபடி ஓடவிட்டபோது மாமா கடைசிவரை பேசவில்லை. முடிந்ததும், "இவன்தான்டா எல்விஸ்" என்றார்.