டி.எம்.எஸ்.ஸின் முதல் பாட்டு, எம்.எஸ்.வி.யின் பெயரில்லாத மெட்டு: கோவையில் பதிவான திரையிசை வரலாறு

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் சினிமா ஷூட்டிங் என்றால் இப்போது யாரும் வண்டியை நிறுத்திக்கூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி. யூனிட் வரும், நாலு நாள் படம் பிடிக்கும், கிளம்பிவிடும். பாட்டெல்லாம் சென்னையிலேயே ரெக்கார்டு ஆகி, ஸ்பீக்கரில் ஒலிக்க மட்டும்தான் இங்கே வரும்.

ஆனால், 70, 80 வருஷத்துக்கு முன்னால் கதையே வேற. பாட்டைப் போட்டது, பாடியது, பதிவு செய்தது எல்லாமே கோவையில்தான். டி.எம்.சௌந்தரராஜன் முதன்முதலாக சினிமாவுக்குப் பாடியது இங்கே. பாலக்காடு அருகே எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் என்ற பையன், மெட்டுப் போடக் கற்றுக்கொண்டதும் இங்கே.

ஏன் கோவை?

பணமும் கரன்ட்டும் இருந்ததுதான் காரணம். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, கையில் காசு புரண்டது. சினிமா ருசி அதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். 1905-லேயே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் இங்கேதான் இருந்தது. 1930-களின் நடுவில் சிங்காநல்லூரில், திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. 1940-களில் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) உருவானது சென்ட்ரல் ஸ்டூடியோவில். எம்.கே.தியாகராஜ பாகவதர்தான் அன்றைய சூப்பர் ஸ்டார். நடிப்பும் அவரே, பாட்டும் அவரே. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். அதே வழக்கில் கைதாகி, பிறகு விடுதலையானவர்களில் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஒருவர். பாகவதர் வெளியே வந்தது 1947-ல்.

ஜெயிலில் ஒரு குரல், மைக் முன்னால் அதே மாதிரி இன்னொரு குரல்

பாகவதர் சிறையில் இருந்த 1946-ல்தான், மதுரையிலிருந்து வந்த ஓர் இளைஞர் அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்குப் பாடினார். அவர்தான் டி.எம்.எஸ். பாகவதர் பாட்டை அச்சு அசலாகப் பாடுவார் என்பதே அவருடைய விசிட்டிங் கார்டு. முதல் பாட்டும் ‘சிந்தாமணி’ படத்தில் பாகவதர் பாடிய பிரபலமான பாட்டின் சாயலில்தான் அமைந்தது. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. படம் திரைக்கு வர 1950 ஆகிவிட்டது. பாடிவிட்டு நாலு வருஷம் காத்திருப்பதெல்லாம் ரீல்ஸ் காலத்தில் யோசிக்கவே முடியாத பொறுமை!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாகவதர் காலத்தில், பாடத் தெரிந்தால்தான் ஹீரோ. பின்னணிக் குரல் 1938-ல் ஏவி.மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்திலேயே வந்துவிட்டது என்றாலும், ஹீரோவுக்கு இன்னொருவர் பாடுவது சகஜமாகப் பல வருஷம் பிடித்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் இதே கோவையில் எடுத்த ‘ராஜகுமாரி’யில் (1947) எம்.ஜி.ஆர். முதன்முறையாக நாயகன் ஆனார். அவருக்காகப் பாடியவர் எம்.எம்.மாரியப்பா. கத்திச் சண்டை தெரியும், பாடத் தெரியாது என்பவரும் ஹீரோ ஆகலாம் என்ற நிலை வந்த பிறகுதான், டி.எம்.எஸ். போன்ற குரல்களுக்கு வேலை பிறந்தது.

அப்போ ரெக்கார்டிங் எப்படி நடக்கும்?

இன்று தப்பாகப் பாடினால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ‘பன்ச்’ செய்துகொள்ளலாம். அன்று அது கிடையாது. பாடகர், வயலின், ஆர்மோனியம், தபேலா எல்லாம் ஒரே அறையில், ஒரே நேரத்தில். யாரை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்துவது, யாரைத் தள்ளி உட்காரவைப்பது என்பதுதான் அன்றைய மிக்ஸிங். கடைசி வரியில் யாராவது சொதப்பினால், மறுபடி முதலிலிருந்து.

ஒலியை ஒளியாக மாற்றி ஃபிலிமில் பதிவார்கள். அதனால் பாடி முடித்த உடனே கேட்டுப் பார்க்க வழியில்லை. ஃபிலிமைக் கழுவி எடுத்த பிறகுதான் தெரியும். காந்த நாடா புழக்கத்துக்கு வந்தது 1950-களில்.

வீட்டில் கேட்க 78 சுழற்சி இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். இதற்காகப் பல நேரங்களில் பாட்டைத் தனியாக இன்னொரு முறை பாட வேண்டியிருந்தது. படத்தில் கேட்டதும் தட்டில் கேட்பதும் கொஞ்சம் வேறாக இருப்பது அதனால்தான். தட்டின் லேபிளையும் அப்படியே நம்பிவிட முடியாது. ‘மஹல்’ (1949) இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் தட்டில், அவர் பெயருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’தான் அச்சானது.

எம்.எஸ்.வி. பெயர் எங்கே போனது?

பெயர் விஷயத்தில் கோவையின் கதை இன்னும் சுவாரஸ்யம். எம்.எஸ்.வி. ஜூபிடரில் சேர்ந்தது எடுபிடி வேலைக்கு. சுப்பையா நாயுடுவின் இசைக்குழு அறையைச் சுற்றியே வளைய வருவார். பின்னாளில் அவரே பேட்டிகளில் பலமுறை சொன்ன கதை இது: ‘அபிமன்யு’ (1948) படத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு சரியாக அமையவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தில் அமர்ந்து தனக்குத் தோன்றியதை வாசிக்க, நாயுடு கேட்டுவிட்டார். மெட்டு பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார். ஆனால், சின்னப் பையன் போட்டது என்றால் முதலாளிகள் ஏற்கமாட்டார்கள் என்பதால், யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லிவிட்டார்.

இதை ‘திருட்டு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். அது நியாயமாக இருக்காது. ஜூபிடர் சென்னைக்குக் கிளம்பியபோது, இதே நாயுடுதான் முதலாளிகளிடம் போய், தன் பெயரில் வந்த மெட்டுகளில் இந்தப் பையனுடையதும் உண்டு, இவனைக் கைவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார் என்பதும் எம்.எஸ்.வி. சொன்னதே. அப்படிச் சென்னை போய் சி.ஆர்.சுப்பராமனிடம் சேர்ந்தார். 1952-ல் சுப்பராமன் திடீரென மறைய, அவர் பாதியில் விட்ட ‘தேவதாஸ்’ வேலையை முடித்தவர்கள் விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும். மீதி ஊரறிந்த கதை.

அதே ‘அபிமன்யு’வில் இன்னொருவர் பெயரும் விடுபட்டது. வசனம் எழுதிய மு.கருணாநிதி! டைட்டிலில் ஏ.எஸ்.ஏ.சாமி பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்து, மனம் கசந்து திருவாரூருக்கே திரும்பிவிட்டார்.

1954-ல் பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ வந்தபோது நிலைமை மாறியிருந்தது. நாமக்கல் கவிஞரின் கதை, கருணாநிதி வசனம், சுப்பையா நாயுடு இசை, எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரல். பாகவதர் சாயல் போய், டி.எம்.எஸ். டி.எம்.எஸ்.ஸாக ஒலித்தார். ஸ்ரீராமுலு நாயுடுவே இந்தியில் ‘ஆசாத்’ (1955) என எடுக்க, திலீப் குமாரும் மீனா குமாரியும் கோவைக்கு வந்து நடித்தார்கள்.

இந்தப் பாட்டுகள் இப்போது யாருக்குச் சொந்தம்?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஆக ‘மலைக்கள்ளன்’ இசைத்தட்டின் உரிமை 2014 முடிவோடு காலாவதி. உடனே யூடியூபில் கவர் வெர்ஷன் போட்டுவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். மெட்டுக்கும் வரிகளுக்கும் தனித்தனி உரிமை உண்டு. அது படைத்தவரின் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டு. சுப்பையா நாயுடு மறைந்தது 1979-ல் என்பதால், அவர் மெட்டுகளுக்கு 2039 வரை பாதுகாப்பு உண்டு. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

கணக்கு எல்லாம் சரி, ‘படைத்தவர்’ யார்? டைட்டில் கார்டிலும் இசைத்தட்டு லேபிளிலும் யார் பெயர் இருக்கிறதோ, முதலில் அவர்தான். சட்டமும் எதிராக ஆதாரம் வராதவரை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ‘அபிமன்யு’ டைட்டிலில் இசையமைப்பாளராக விஸ்வநாதன் பெயர் இல்லை. ஆர்மோனியத்தில் அன்று அவர் வாசித்ததற்கு, பின்னாளில் அவரே சொன்ன கதைதான் சாட்சி.