தம்பி இன்ஜினீயர்... அண்ணன் கடன்காரரா?

ஜூன் மாதம் வந்தால் ஆபீஸில் சில அண்ணன்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்... தம்பி ப்ளஸ் டூ முடித்துவிட்டான்!

பக்கத்து சீட் நண்பர் பர்சனல் லோன் ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கல்யாணமா?"

"எனக்கெங்கே கல்யாணம்! தம்பிக்கு இன்ஜினீயரிங். மேனேஜ்மென்ட் கோட்டா. இன்னிக்கே பணம் கட்டலேன்னா சீட் போயிடும்கிறாங்க."

"இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணியாச்சா?"

"பிரைவேட் காலேஜுக்கு அதெல்லாம் எதுக்கு சார்?"

இங்கேதான் பிரதர், பல பேர் கோட்டை விடுகிறார்கள்!

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள் 65 சதவிகித சீட்டை கவுன்சிலிங்குக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50 சதவிகிதம். அதே கல்லூரி, அதே வாத்தியார், அதே பெஞ்ச்... கட்டணம் மட்டும் வேறு! 2017-ல் நிர்ணயித்தபடி, தரச் சான்று பெற்ற படிப்புக்கு கவுன்சிலிங் சீட் வருஷத்துக்கு 55,000 ரூபாய். மேனேஜ்மென்ட் சீட் 87,000. நாலு வருஷத்தில் வித்தியாசம் 1,28,000! இந்த வருஷத் தொகையைக் கேட்டுவிட்டு, இதே கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஹாஸ்டலும் பஸ்ஸும் தனி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த கவுன்சிலிங்கில் வராது.

ரசீது தராமல் 'டொனேஷன்' கேட்டால்? 1992-லேயே அதைத் தடை செய்து சட்டம் போட்டாகிவிட்டது. அந்தப் பணத்துக்கு எந்த பேங்க்கும் கல்விக் கடன் தராது. கந்துவட்டிக்குத்தான் ஓட வேண்டும்!

கவுன்சிலிங்கில் போனால் இன்னும் இரண்டு லாபம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு. இன்ஜினீயரிங்கில் இது 2021-ல் வந்தது. அந்த சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் இரண்டையும் அரசே கட்டுகிறது. அடுத்தது, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

"என் தம்பிக்கும் உண்டா?" என்று நண்பர் நிமிர்ந்தார்.

"நீங்க பி.காம். ஆச்சே... அண்ணன் டிகிரி வாங்கியிருந்தா தம்பிக்குக் கிடையாது!"

"அடடா! நான் படிச்சது தப்பாப் போச்சே!"

சரி, மீதிப் பணம்? அதற்குப் பர்சனல் லோன் வேண்டாம், கல்விக் கடன் போதும். 4 லட்சம் வரை அடமானமோ, வெளியாள் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். அரசின் உத்தரவாதத் திட்டப்படி 7.5 லட்சம் வரைகூட அடமானம் இல்லாமல் உண்டு.

உடனே 7.5 லட்சத்தையும் வாங்கிவிடாதீர்கள்! படிக்கும்போதும், அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்காது, சார்! ஒரு பேச்சுக்கு வட்டி 10 சதவிகிதம் என்று வையுங்கள். வருஷா வருஷம் நாலு சம பங்காக 7.5 லட்சம் வாங்கினால், தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 10 லட்சத்தைத் தாண்டி நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 13,400. இருபதாயிரம் சம்பளத்தில் வேலை கிடைத்த பையன் சாப்பிடுவானா, தவணை கட்டுவானா?

வழி உண்டு. படிக்கும்போதும், அதன்பின் வரும் அந்த ஒரு வருஷமும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதல் வருஷம் மாதம் 1,600 ரூபாய்க்குள்தான். கடைசி வருஷம் 6,250. அப்படிச் செய்தால் பின்னால் தவணை சுமார் 9,900-ஆகக் குறையும். மொத்தத்தில் ஒன்றரை லட்சம் மிச்சம்! கடன் தொகையையே 4 லட்சத்துக்குள் நிறுத்தினால் தவணை இன்னும் கிட்டத்தட்ட பாதியாகும்.

குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு 2024-ல் அறிவித்த 'பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி' திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வட்டியில் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

நண்பர் பர்சனல் லோன் ஃபாரத்தை மடித்து டிராயரில் போட்டார். "டேய், கட்-ஆஃப் எவ்வளவா இருந்தாலும் சரி, முதல்ல கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணு!" என்று தம்பிக்கு போனில் ஒரு சத்தம்.

முதல் சம்பளத்தில் தம்பி அண்ணனுக்கு ஒரு சட்டை எடுத்துத் தரட்டும். அந்தச் சட்டைப் பையில் பேங்க் நோட்டீஸ் இல்லாமல் இருந்தால் போதும்!