உதறாதீர்கள், சட்டைப்பைக்குள் வையுங்கள்

பரணில் பழைய போலராய்டு கேமரா கிடக்கிறதா நேயர்களே? பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியவில்லை என்று மகள் கேட்ட கேள்விதான், அமெரிக்காவின் எட்வின் லேண்டை இந்தக் கேமராவை உருவாக்க வைத்தது. 1948-இல் விற்பனைக்கு வந்தது. 2008-இல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக போலராய்டு அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் இருந்த அதன் ஃபிலிம் ஆலையைச் சிலர் காப்பாற்றியதால் இன்றும் புது ஃபிலிம் கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் கசக்கும், ஒரு பெட்டியில் எட்டே படங்கள்!

நம்ம தருமபுரி வெயில் இந்த ஃபிலிமுக்கு ஆகவே ஆகாது. 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரைதான் நிறம் சரியாக வரும். அதைத் தாண்டினால் மஞ்சளும் சிவப்பும் ஏறிவிடும். ஆகவே ஒகேனக்கல்லில் படம் எடுப்பதானால் காலையிலேயே போய்விடுங்கள். பரிசலில் ஏறும்போது கேமராவை நனையாமல் பையில் மூடிவையுங்கள். மிச்ச ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது.

வெளியே வந்த படத்தை உதறவும் கூடாது. வெளிச்சம் படாமல் சட்டைப்பைக்குள் கவிழ்த்து வைத்தால் கால் மணி நேரத்தில் நிறம் தெளியும்.

கடைசியாக ஒன்று. 600 வகைக் கேமராவுக்கு 600 ஃபிலிமையே கேட்டு வாங்குங்கள். கேமராவை இயக்கும் பேட்டரி அந்த ஃபிலிம் பெட்டியில்தான் இருக்கிறது. ஐ-டைப் என்ற இன்னொரு வகை ஃபிலிம் பெட்டியில் அது கிடையாது.