ரயில்வே வேலையா, ஐரோப்பிய கிளப்பா? கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு என்னதான் வழி?

மல்லசமுத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது பருத்தி ஏலமும் விசைத்தறியும். பக்கத்துத் திருச்செங்கோட்டுக்குப் போனால் ரிக் வண்டிகள். இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் கூடைப்பந்தில் அசத்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வரும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "விளையாடி என்ன ஆகப்போகுது?"

பி.டி. சாரிடம் இதற்கு ரெடியாக ஒரு பதில் இருக்கும்: "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும்."

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் இதே விளையாட்டை ஆடி ஸ்பெயினிலும் துருக்கியிலும் பிரான்சிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த உலகம் எப்படி இயங்குகிறது? நம்ம ஊர்ப் பெண்கள் ஏன் அங்கே அதிகம் தென்படுவதில்லை?

ஐரோப்பாவில் என்ன நடக்குது?

ஐரோப்பாவில் பெரும்பாலும் கிளப்தான் வேலை கொடுக்கும் முதலாளி. சீசன் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே வரை ஓடும். வாரக் கடைசியில் உள்நாட்டு லீக், வார நடுவில் ஐரோப்பியக் கோப்பை, மற்ற நாட்களில் பயிற்சி. வெளிநாட்டிலிருந்து வரும் வீராங்கனைக்குச் சம்பளத்தோடு தங்க வீடு, விமான டிக்கெட், சில நேரம் ஒரு காரும் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

இதன் உச்சியில் இருப்பது யூரோலீக் விமன். 1958-லிருந்து நடக்கும் இந்தப் போட்டியில் ஒரு காலத்தில் லாட்வியாவின் டௌகாவா ரீகா அணிதான் ராணி. மொத்தம் 18 பட்டங்கள்! ஏழு அடி உயர நட்சத்திரமான உல்யானா செம்யோனோவா ஆடியது இந்த அணிக்குத்தான்.

சம்பளம் எவ்வளவு?

ஆளைப் பொறுத்தது. சிறிய லீக்குகளில் செலவுபோகக் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். உச்சியில் கதையே வேறு. 2015-ல் அமெரிக்காவின் டயானா டௌராசி தன் சொந்த நாட்டு லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. சீசனையே ஆடாமல் ஓய்வெடுத்தார். காரணம், அவர் குளிர்காலத்தில் ஆடிவந்த ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் கிளப், ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. அங்கே அவருக்கு ஒரு சீசனுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. அமெரிக்க லீக்கில் அந்த ஆண்டு அதிகபட்சச் சம்பளமே ஒரு லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டியதுதான்.

ரிஸ்க் என்ன?

பணம் இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். முழங்கால் போனால் அடுத்த வருஷம் போன் வருமா என்பது சந்தேகம். கிளப்பின் ஸ்பான்சர் கைவிட்டால் சம்பளமும் நிற்கும். சம்பளப் பாக்கி வழக்குகள் அங்கே அவ்வளவு சகஜம். அதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா 2007-ல் தனித் தீர்ப்பாயம் ஒன்றைத் தொடங்கியது. தீர்ப்பை மதிக்காத கிளப் புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம்.

அரசியலும் குறுக்கே வரும். 2022 பிப்ரவரியில் யெகாதெரின்பர்க் அணிக்குத் திரும்பிய அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். கைதிகள் பரிமாற்றத்தில் அவர் விடுதலையானது டிசம்பரில். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய கிளப்புகளே யூரோலீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. அதிகச் சம்பளம் கொடுத்த இடம் ஒரே மாதத்தில் இல்லாமல் போனது.

அப்போ நம்ம ஊர்ல?

இங்கேதான் அனிதா பால்துரை வருகிறார். 1985-ல் பிறந்த சென்னைப் பெண். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். 2013-ல் தோஹாவில் நடந்த முதல் ஆசிய 3x3 போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். 2021-ல் பத்மஸ்ரீ.

இத்தனைக்கும் அவருடைய வேலை எது? தெற்கு ரயில்வே.

இதுதான் இந்திய மாடல். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும். வீராங்கனை ரயில்வே அணிக்கு ஆடுவார், போட்டிகளுக்குப் போக சிறப்பு விடுப்பு கிடைக்கும், ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு.

இதன் பலத்தை அனிதாவின் கடைசிக் கட்டம் சொல்லிவிடும். தாயான பிறகு அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவில் அவர் தலைமையில் ஆடிய இந்தியா, இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி ஏ பிரிவுக்கு முன்னேறியது. மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உரிமை. சீசன் ஒப்பந்தத்தில் ஆடும் பெண்ணுக்கு அந்த நாட்டுச் சட்டமும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும்தான்.

வெளிநாட்டுக்கு யாரும் போகவே இல்லையா?

போயிருக்கிறார்கள். கேரளாவின் சங்கனாச்சேரியைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ், அனிதாவைப் போலவே தெற்கு ரயில்வே வீராங்கனை. ஆறடி இரண்டு அங்குலம். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரை டிரையலுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் ரயில்வே வேலையில் இருந்துகொண்டே கதவைத் தட்டலாம் என்று காட்டினார். அடுத்த தலைமுறையில் பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ், ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழக அணிக்கு ஆடப் போனார்.

அப்புறம் ஏன் கூட்டம் போகலை?

"அரசு வேலை கிடைச்சதும் செட்டில் ஆயிடுறாங்க" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். ஜப்பானைப் பார்த்தால் இது முழு உண்மை இல்லை என்று புரியும். அங்கேயும் முன்னணிப் பெண்கள் அணிகள் எனியோஸ், டொயோட்டா, ஃபுஜித்சு போன்ற கம்பெனிகளின் அணிகளே. அப்படியிருந்தும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வெள்ளி வென்றார்கள். அந்த அணியின் ருயி மச்சிதா, ஃபுஜித்சுவிலிருந்து 2022-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணிக்குப் போனார்.

வித்தியாசம் வேலையில் இல்லை, லீக்கில். ஜப்பானில் அந்தக் கம்பெனி அணிகள் மாதக்கணக்கில் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்தியாவில் ஒரு வீராங்கனைக்குக் கிடைப்பது தேசியப் போட்டி, சில அழைப்புப் போட்டிகள், நடுநடுவே இந்திய அணி முகாம். விளைவு ஸ்கோர்போர்டில் தெரிந்தது. ஏ பிரிவுக்கு ஏறிய இந்தியா 2019, 2021 இரண்டு ஆசியக் கோப்பைகளிலும் கடைசி இடமான எட்டாவதுதான் பிடித்தது.

ஐரோப்பிய கிளப்புகள் ஆள் எடுப்பது முழு ஆட்ட வீடியோவையும் புள்ளிவிவரத்தையும் பார்த்து. பல லீக்குகளில் வெளிநாட்டவருக்குச் சில இடங்கள்தான், அதற்கும் அமெரிக்கப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வருஷத்துக்குச் சில ஆட்டம் ஆடிய பெண் எதைக் காட்டி அந்த இடத்தைக் கேட்பாள்?

இப்போ பத்தாவது படிக்கிற பொண்ணு என்ன செய்யலாம்?

• முழு ஆட்டத்தையும் வீடியோ எடுத்து வையுங்கள். போனும் ஒரு ஸ்டாண்டும் போதும். கூடையில் விழுந்த பந்துகளை மட்டும் தொகுத்த ரீல்ஸ் உதவாது. பயிற்சியாளர் பார்க்க விரும்புவது டிஃபென்ஸையும் சேர்த்துத்தான்.

• படிப்பை விடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்கு மதிப்பெண்ணும் ஆங்கிலமும் பார்ப்பார்கள். நான்கு வருஷம் தொடர்ந்து ஆட்டம் கிடைக்கும் வழி அது.

• 18 வயதுக்கு முன் வெளிநாட்டு கிளப்புக்கு மாற ஃபிபா சில விதிவிலக்குகளில்தான் அனுமதிக்கும். "இப்பவே பணம் கட்டுங்க, அனுப்பி வைக்கிறோம்" என்பவரிடம் உஷார். ஏஜென்ட் என்றால் ஃபிபா உரிமம் இருக்க வேண்டும். நாடு மாறி ஆட தேசிய சம்மேளனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

• ஒப்பந்தம் வந்தால் ஃபிபா தீர்ப்பாயத்தை ஏற்கும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சம்பளப் பாக்கிக்கு அந்தத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியாது.

• கோட்டா வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கீத்து அதை வைத்துக்கொண்டுதான் ஆஸ்திரேலியா போனார்.

மற்றதெல்லாம் ஒரு பெண்ணோ ஒரு குடும்பமோ தனியாகச் செய்ய முடியாதவை. ரயில்வேயும் மாநில அணிகளும் கல்லூரி அணிகளும் மாதக்கணக்கில் மோதும் ஒரு பெண்கள் லீக் வந்தால்தான் காட்டுவதற்கு வீடியோவே இருக்கும். அதுவரை "விளையாடி என்ன ஆகப்போகுது?" என்ற கேள்விக்கு மல்லசமுத்திரத்தில் மட்டுமல்ல, சென்னையிலும் கோட்டா வேலைதான் பதில்.